குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லை, பிறகு எப்படி மரபணுக் கோளாறு?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். தங்கை மகனுக்கு இப்போது எட்டு மாதம். தள்ளிப்போன மூன்றாவது தவணைத் தடுப்பூசியை ஐந்தாவது மாதத்தில் போட்டிருக்கிறார்கள், அன்று ராத்திரியே காய்ச்சல், கூடவே இடது கையும் காலும் மட்டும் இழுத்து நாற்பது நிமிடம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை வந்துவிட்டது, அதில் ஒருமுறை வலது பக்கம். எம்ஆர்ஐ ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கிற ஈஇஜி இரண்டும் நார்மல். முதலில் பார்த்த இடத்தில் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தை சிரப்பாகக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் கூடியதே தவிர குறையவில்லை. இப்போது பார்க்கும் நரம்பியல் டாக்டர் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டில் “எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது” என்கிறார்கள், உங்கள் அம்மா “ஊசியால் வந்த வினை” என்கிறார், நடுவில் உங்கள் தங்கை அழுதுகொண்டிருக்கிறாள். இத்தனை பணம் கொடுத்து இந்த டெஸ்ட் தேவையா என்பது உங்கள் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. மரபணு ஆய்வகத்தில் ரிப்போர்ட் எழுதுகிற பக்கம் பல வருடமாக வேலை, அதில் பாதி நாள் அந்த ரிப்போர்ட்டைக் குடும்பத்தாருக்குப் படித்துப் புரியவைப்பதிலேயே போய்விடும். அதனால் பிள்ளையைப் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரிந்தால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

முதலில் அந்த வம்சச் சண்டை. இதில் பாதிக் குற்றம் தமிழ்ச் சொல்லுடையது. மரபணு என்றாலே அதற்குள் மரபு உட்கார்ந்திருக்கிறது, கேட்கிறவர்கள் உடனே தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று வரிசையாக எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். மரபணுவில் கோளாறு என்பது வேறு, பரம்பரையாக வந்த கோளாறு என்பது வேறு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அதுதான் இங்கே நடப்பது. அப்பாவிடம் உள்ள ஏடு சரியாக இருக்கும், அம்மாவிடம் உள்ள ஏடும் சரியாக இருக்கும், விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது படியெடுப்பதில் ஒரு எழுத்து பிசகும். ஒரு பிரதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்து, அதை அப்படியே நகலெடுத்தால் நாலு பிழை வராதா? பிறக்கிற ஒவ்வொரு குழந்தையிடமும், உங்களிடமும் என்னிடமும்கூட, அப்பா அம்மாவிடம் இல்லாத புது மாற்றங்கள் அறுபது எழுபது இருக்கின்றன. பெரும்பாலும் அவை எங்கோ ஒன்றுக்கும் ஆகாத இடத்தில் விழுந்து கிடக்கும். அபூர்வமாக ஒன்று விழக்கூடாத இடத்தில் விழுந்துவிடும். புதுப் பிழைகளில் அதிகம் விந்தணு வழியாக வருகிறது என்பதும் உண்மைதான், ஆனால் தயவுசெய்து இதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிப் புதுச் சண்டையைக் கிளப்பாதீர்கள். யாரும் செய்ததும் இல்லை, செய்யாமல் விட்டதும் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்பதெல்லாம் இதில் சேராது.

கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்புகளில் நிறைய இந்த வகைதான். அதனால் “குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்பது டெஸ்ட் வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. எங்களிடம் வருகிற குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற முதல் வாக்கியமே அதுதான்.

சரி, உங்கள் வர்ணனைக்கு வருவோம். ஒரு வயதுக்குள் ஆரம்பம், காய்ச்சலோடு வருவது, அரை மணிக்கு மேல் நீள்வது, உடம்பின் ஒரு பாதி மட்டும் இழுப்பது, அதுவும் ஒருமுறை இடது, இன்னொருமுறை வலது என்று மாறுவது, அதுவரை பிள்ளை நன்றாக வளர்ந்தது, ஸ்கேன் நார்மல். இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் குழந்தை நரம்பியல் தெரிந்த எந்த டாக்டருக்கும் டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான குழந்தை வலிப்பு நோய் மனதில் வராமல் இருக்காது. சாதாரணக் காய்ச்சல் ஜன்னி பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டும், ஐந்தாறு வயதில் போயே போய்விடும். இது அந்த மாதிரி இல்லை.

பிரான்சில் மர்செய் நகரத்தில் ஷார்லட் டிராவே என்ற மருத்துவர் 1978-ல் இதைத் தனி நோயாக எடுத்துச் சொன்னார். காரணம் தெரிய இன்னும் 23 வருடம் ஆனது. 2001-ல் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் உறவில்லாத ஏழு குழந்தைகளின் எஸ்சிஎன்1ஏ என்ற ஜீனைப் படித்துப் பார்த்தார்கள். ஏழு பேரிடமும் பிழை இருந்தது, ஏழு பேரின் பெற்றோரிடமும் அது இல்லை. அதாவது எல்லாமே புதிதாக விழுந்த எழுத்துப் பிழை. இன்றைக்கும் டிராவே குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படித்தான். அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி ஏறக்குறைய 15,700 குழந்தைகளுக்கு ஒன்று.

இந்த ஜீன் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சிரப் கொடுத்ததும் வலிப்பு ஏன் கூடியது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. நரம்பு செல்லின் சுவரில் சோடியம் உள்ளே போக சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, சோடியம் சேனல் என்பார்கள். வாசல் திறந்தால்தான் செல் மின்துடிப்பு அனுப்பும். எஸ்சிஎன்1ஏ அதில் ஒரு வகை வாசலுக்கான செய்முறை. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று கெட்டால் பாதி வாசல்தான் கட்டப்படும். வாசல் குறைந்தால் துடிப்பு குறைய வேண்டும், வலிப்பும் குறையத்தானே வேண்டும்? பல வருடம் இது புதிராகவே இருந்தது. 2006 வாக்கில் அமெரிக்காவில் சியாட்டிலில் எலிகளை வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. இந்த வகை வாசலை அதிகம் நம்பியிருப்பது மூளையில் பிரேக் போடுகிற செல்கள். மற்ற செல்கள் கத்தும்போது அமுக்கிவைப்பது அவற்றின் வேலை. வாசல் பாதியானதும் பிரேக் தளர்கிறது, ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்கிறது.

இப்போது கார்பமாசெபைனை நினைத்துப் பாருங்கள். அது வேலை செய்வதே சோடியம் சேனலை அடைத்துத்தான். மற்ற நிறைய வலிப்புகளுக்கு அருமையான மருந்து. டிராவே குழந்தைக்குக் கொடுத்தால் ஏற்கெனவே தளர்ந்த பிரேக்கையும் பிடுங்கிப் போட்டது போல ஆகிவிடும். ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின், தொடர்ந்து கொடுக்கும் ஃபெனிடாயின் எல்லாம் இதே பட்டியல். முதல் டாக்டரை இதற்காகத் திட்டாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற வலிப்புக்கு அந்த மருந்தை யோசிப்பது வழக்கம்தான். ஆனால் மருந்து ஆரம்பித்த பிறகு கூடியது என்ற தகவலை இப்போதைய டாக்டரிடம் தேதியோடு சொல்லியே ஆக வேண்டும், டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், எந்த வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாக வந்து ஐசியூவில் முடியும். மாற்றுவதை அவர் செய்வார், வழக்கமாக வால்ப்ரோயேட், குளோபாசம் பக்கம் போவார்கள். அதற்கு மேல் ஸ்டிரிபென்டால், சுத்திகரித்த கன்னாபிடியோல், ஃபென்ஃபுளூரமைன் என்று இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது ஒரு காலத்தில் உடம்பு இளைக்க விற்ற மாத்திரை. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், அப்புறம் குறைந்த அளவில் டிராவே வலிப்பைக் குறைக்கிறது என்று தெரிந்து 2020-ல் அங்கேயே இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.

ஊசி விஷயம். உங்கள் அம்மா கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், பகல் ஊசி, ராத்திரி வலிப்பு, யாராக இருந்தாலும் முடிச்சுப் போடத்தான் செய்வார்கள். உலகம் முழுக்க இப்படிப் போட்டிருக்கிறார்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பெர்கோவிக் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, தடுப்பூசியால் மூளை கெட்டது என்று நம்பப்பட்ட 14 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ பிழை. அவர்களுக்கு வலிப்பு எப்படியும் வந்திருக்கும். ஊசி கொடுத்தது காய்ச்சலை, அந்தக் காய்ச்சல் முதல் வலிப்பைச் சில வாரம் முன்னால் இழுத்துவிட்டது, சளிக் காய்ச்சல் வந்திருந்தாலும் அதையே செய்திருக்கும். பிறகு நடந்த ஆய்வில் ஊசியை ஒட்டி ஆரம்பித்த குழந்தைகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால் பின்னாளைய வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அடுத்த ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள், தட்டம்மைக் காய்ச்சல் இந்தப் பிள்ளைக்கு ஊசிக் காய்ச்சலைவிடப் பல மடங்கு ஆபத்து. எப்போது போடுவது, காய்ச்சல் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று டாக்டரிடம் திட்டம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் கைக்குழந்தையைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது வழக்கம். டிராவே குழந்தைகளுக்கு உடம்புச் சூடு ஏறினாலே போதும், காய்ச்சல்தான் வேண்டும் என்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், சீக்கிரம் குளிப்பாட்டித் துடைத்துவிடுவது, அவ்வளவுதான். வெந்நீர் வலிப்பு என்று கர்நாடகத்தில் அதிகம் பார்க்கிற ஒன்று உண்டு, தலையில் சூடான தண்ணீர் ஊற்றும்போது வருவது, அது வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதுவரை டிராவேயை மட்டும் சொன்னேன், டெஸ்ட் வேறு எதையாவதும் காட்டலாம். நூற்றுக்கணக்கான ஜீன்கள் இந்தப் பட்டியலில் உண்டு, எல்லாவற்றையும் நான் அடுக்கப் போவதில்லை. பெயர் தெரிந்தால் சிகிச்சை எப்படிப் புரண்டுபோகிறது என்பதற்குச் சிலவற்றை மட்டும். கேசிஎன்க்யூ2 என்ற ஜீன் கெட்டால் பிறந்த ஒரு வாரத்துக்குள் வலிப்பு ஆரம்பிக்கும், அந்தக் குழந்தைக்கு நான் மேலே திட்டிய அதே கார்பமாசெபைன்தான் நல்ல மருந்து. எஸ்சிஎன்2ஏ இன்னும் வேடிக்கை, அதுவும் ஒரு வகை சோடியம் வாசலுக்கான ஜீன்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் வாசல் அளவுக்கு மீறித் திறக்கிற வகை, அடைக்கிற மருந்து உதவும். அதற்குப் பின்னால் ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் வாசல் வேலை செய்யாத வகை, அதே மருந்து கெடுக்கும். குளுட்1 குறைபாடு என்று ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை இருக்கும், மூளைக்குள் போகாது. தண்டுவட நீரில் சர்க்கரை குறைவாக இருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அதற்கு மருந்தைவிடக் கொழுப்பு அதிகமான கீட்டோ உணவுதான் முதல் சிகிச்சை, மூளை சர்க்கரைக்குப் பதில் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோனை எரித்துப் பிழைத்துக்கொள்ளும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் இருந்தால் தோலில் வேப்பிலை அளவுக்கு வெளுத்த திட்டுகள் தெரியும், அதில் வரும் குனிந்து நிமிர்கிற மாதிரியான சின்ன உதறல்களுக்கு விகபாட்ரின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். போல்ஜி என்ற ஜீன் கெட்டிருந்தால் வால்ப்ரோயேட் கல்லீரலையே அழித்துவிடும். ஒரு பாட்டில் சிரப், ஒரு குழந்தைக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே இழுப்பு.

மருந்துக் கடையில் கிடைக்கிற வைட்டமினால் நிற்கிற வலிப்பும் உண்டு. ஏஎல்டிஎச்7ஏ1 என்ற ஜீன் இரண்டு பிரதியும் கெட்டால் மூளையில் பி6 வைட்டமின் வீணாகிப்போகும், சாதாரண வலிப்பு மருந்து எதற்கும் பெரும்பாலும் அடங்காது, பைரிடாக்சின், அதாவது அதே பி6, கொடுத்தால் நிமிடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அந்த வைட்டமினைக் கொடுக்க வேண்டும். 1954-லேயே இந்த நோயை எழுதிவிட்டார்கள், எந்த ஜீன் என்று தெரிய 2006 ஆனது. இன்றைக்கும் இதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிற ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

எல்லாக் கடும் வலிப்பும் மரபணுவால் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பிரசவத்தில் மூச்சுத் திணறல், பிறந்த உடனே சர்க்கரை இறங்கிப்போவது, மூளைக் காய்ச்சல் எல்லாம் பெரிய காரணங்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலும் எம்ஆர்ஐயில் தடயம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஸ்கேன் சுத்தமாக இருப்பதால்தான் டாக்டரின் பார்வை ஜீன் பக்கம் திரும்பியிருக்கிறது.

டெஸ்ட் எப்படி என்றால், ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம், அவ்வளவுதான். முடிந்தால் அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளையின் ரத்தத்தில் சந்தேகமான ஒரு மாற்றம் தெரிந்தால் அது பெற்றோரிடம் உண்டா இல்லையா என்பதை வைத்தே பாதி வழக்கு தீர்ந்துவிடும். குழாயில் பெயர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருமுறை எங்களுக்கு வந்த மூன்று குழாயில் அப்பா என்று எழுதியிருந்ததில் ஆண்களிடம் இருக்க வேண்டிய ஒய் குரோமோசோமே இல்லை, அம்மா குழாயில் இருந்தது. சிரித்துவிட்டுத் திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னோம், அந்தக் குடும்பத்துக்கு அதனால் மூன்று வாரம் போனது, அது சிரிக்கிற விஷயம் இல்லை.

ரிப்போர்ட் மூன்று மாதிரி வரலாம். தெளிவாக நோய்க்குக் காரணமான மாற்றம் என்று வந்தால் நல்லது. ஒன்றும் இல்லை என்று வரலாம். இந்த வயதுக் கடும் வலிப்பில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் விடை கிடைக்கிறது, டிராவே போலத் தெளிவான அறிகுறி இருந்தால் வாய்ப்பு மிகவும் அதிகம். விடை இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. ஜீனின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் சில முறைகளில் தெரியாது, அதற்குத் தனி டெஸ்ட் உண்டா என்று கேளுங்கள், ஓரிரண்டு வருடம் கழித்துப் பழைய டேட்டாவையே மறுபடி ஆராயச் சொல்லிக் கேட்கலாம். மூன்றாவது வகைதான் தொல்லை, மாற்றம் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் இன்னும் நிச்சயமில்லை என்று வரும். அதைக் கூகுளில் தேடாதீர்கள், மரபணு ரிப்போர்ட்டை விளக்கி ஆலோசனை சொல்கிற ஜெனடிக் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியது. வலிப்பு வந்தால் மொபைலில் நேரம் பாருங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் சாவி நனைவதைத் தவிர ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்பிரே, அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி ஒன்று வீட்டிலும் ஒன்று பையிலும் வையுங்கள், அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டே இருங்கள். வீட்டில் இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும், போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, கை கால் முகம் எல்லாம் தெரிகிற மாதிரி. நாம் வாயால் சொல்கிற பத்து நிமிட விவரத்தைவிட அந்த முப்பது விநாடி டாக்டருக்கு உதவும்.

ஒன்றை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. டிராவே என்றே வந்தால், சரியான மருந்து கொடுத்தாலும் வலிப்பு முழுக்க நிற்பது அபூர்வம், இரண்டாவது வயதிலிருந்து பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்கும், தூக்கத்தில் திடீர் மரணம் என்ற ஆபத்தும் மற்ற வலிப்புகளைவிட அதிகம். ஆனால் தப்பான மருந்தை எடுத்துவிட்டு நீண்ட வலிப்புகளைக் குறைத்த குழந்தைகள் எவ்வளவோ நன்றாக இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி, பிசியோ எல்லாம் பின்தங்கிய பிறகு ஆரம்பிப்பதைவிட இப்போதே ஆரம்பிப்பது மேல்.

அடுத்த பிள்ளை பற்றி நீங்கள் கேட்கவில்லை, தங்கை கேட்பாள், கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பாள். புதிதாக விழுந்த பிழை என்றால் மறுபடி வரும் வாய்ப்பு குறைவு, பூஜ்யம் இல்லை, ஏனென்றால் சில பெற்றோருக்கு விந்தணு அல்லது முட்டைகளில் ஒரு பங்கில் மட்டும் அந்தப் பிழை ஒளிந்திருக்கும், ரத்தத்தில் தெரியாது. ஜீன் பெயரும் பிழையும் கையில் இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம். கையில் இல்லை என்றால் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

பி6 வகை மாதிரி இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் நோய்களில் கணக்கே வேறு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. அப்பா அம்மா இருவருமே அறிகுறியில்லாமல் ஒரு கெட்ட பிரதியைச் சுமப்பவர்களாக இருப்பார்கள், சொந்தத்தில் கட்டியவர்களிடம் இது கூடுதல், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. மாமன் மகன், அத்தை மகன் என்று ஏதாவது உறவு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மாப்பிள்ளை உங்களுக்கு முன்பே என்ன முறை? அதைத் தெரிவியுங்கள், டாக்டரிடமும் முதலில் அதைச் சொல்லுங்கள், எந்த ஜீன்களை முதலில் பார்ப்பது என்பது அதை வைத்தும் மாறும்.